தெருவிளக்கைத் தத்தெடுத்த ஊர்: அமெரிக்காவில் வரி கட்டுபவரின் கணக்கு

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகராட்சி தன் தெருவிளக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அணைத்தது. மின்வெட்டும் இல்லை, புயலும் இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். பூங்காக்களுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தியதில் புல் காய்ந்தது. பூங்காக் குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டு, அவரவர் குப்பையை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார்கள். மாலையிலும் வார இறுதியிலும் பேருந்து நின்றது. காவல்துறை ஹெலிகாப்டர்களை விற்பனைக்குப் போட்டார்கள். அப்போது சுமார் 4 லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. ஏழை ஊர் என்றும் சொல்ல முடியாது.

இதெல்லாம் மக்களுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. 2009 நவம்பரில், சொத்து வரியை உயர்த்த ஒப்புக்கொள்கிறீர்களா என்று நகராட்சி வாக்குச்சீட்டில் கேட்டது. மறுத்தால் எதெல்லாம் நிற்கும் என்பதும் ஊருக்குத் தெரியும். ஊர் பெரும்பான்மையாக மறுத்தது. சொன்னபடியே விளக்கு அணைந்தது.

இந்தச் செய்தியைப் படித்த பலரும், அமெரிக்க நகரங்களில் வாழும் தமிழர்கள் உட்பட, தலையில் அடித்துக்கொண்டார்கள். பத்துக் காசு மிச்சம் பிடிக்கப் போய் ஊரையே இருட்டாக்கிக்கொண்ட கஞ்சர்கள் என்பதுதான் பொதுவான தீர்ப்பு. எனக்கு அந்தத் தீர்ப்பு அவசரமானதாகப் படுகிறது. வலதுசாரி மனம் கொண்ட உள்ளூர் வரிதாரர் ஒருவரின் தலைக்குள் நடக்கும் கணக்கு கொஞ்சம் வேறு. எவ்வளவு கேட்கிறார்கள் என்பது அதில் இரண்டாவது கேள்வி. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், எப்போது நிறுத்துவார் என்பதே முதல் கேள்வி. இது பிடிபட்டால், அதே ஊர் பின்னால் தானாகவே வரியை ஏற்றிக்கொண்டதும் புரியும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு, போலீஸ், நூலகம் ஆகியவற்றின் செலவில் ஒரு பெரிய பங்கை உள்ளூர் அமைப்புகளே சுமக்கின்றன. அதற்கான முக்கிய வருமானம் வீட்டுக்கு விதிக்கும் சொத்து வரி. வருமான வரி சம்பளத்திலிருந்தே பிடித்தம் ஆகிவிடும், விற்பனை வரி சில்லறையோடு சில்லறையாகப் போய்விடும். சொத்து வரி மட்டும் பெரிய தொகையாக, பெயர் போட்ட காகிதத்தில் வீட்டுக்கு வரும். ஓய்வுபெற்று நிலையான பென்ஷனில் இருக்கும் ஒருவருக்கு, தன் வருமானம் ஏறாமல் வீட்டின் மதிப்பு மட்டும் ஏறியதற்காக வரி ஏறும்போது எரிச்சல் வராமல் இருக்காது. கையில் பணமாக வராத லாபத்துக்குப் பணமாக வரி கட்டு என்கிறார்கள்.

அந்த எரிச்சல் ஓர் அரசியலாக மாறியது கலிபோர்னியாவில். அதற்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1960களின் நடுவில், சான் பிரான்சிஸ்கோவில் சொத்து மதிப்பீடு செய்யும் அதிகாரி லஞ்சம் வாங்கிக்கொண்டு நிறுவனங்களின் சொத்து மதிப்பைக் குறைத்துக் காட்டியது அம்பலமானது. உடனே 1966இல், எல்லாச் சொத்தையும் ஒரே விகிதத்தில் மதிப்பிட வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை அதிகாரிகள் வாக்காளர்களைக் குளிர்விக்க வீடுகளைக் கீழ் மதிப்பிலேயே வைத்திருந்தார்கள். ஊழலை ஒழிக்க வந்த சட்டம் அந்தச் சலுகையையும் சேர்த்து ஒழித்தது. அப்புறம் 1970களில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது, வரியும் கூடவே ஏறியது. மாநிலக் கருவூலத்திலோ பல நூறு கோடி டாலர் உபரி கிடந்தது. சட்டமன்றம் பேசிக்கொண்டே இருந்தது.

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் முன்னின்று கையெழுத்துச் சேகரித்துக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு 1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பை 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்னே கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு வீடு கைமாறும் வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்ற முடியாது. உள்ளூர்ச் சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் மேல் விழுந்தது.

இதன் விளைவைக் குபர்டினோவிலும் ஃப்ரீமாண்டிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நன்றாக அறியும். 20 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியவர் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 டாலர் சொத்து வரி கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதே அளவு வீட்டை 1975இல் 60,000 டாலருக்கு வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 2 சதவீதம் வைத்து 45 வருடம் கூட்டிப் பார்த்தாலும் மதிப்பு ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. வரி 1,500 டாலருக்குள் முடிந்துவிடும். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே தீயணைப்பு வண்டி. இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதைவிட முக்கியமான விளைவு வெளியே அதிகம் பேசப்படவில்லை. உள்ளூர்ப் பணம் வற்றியதும் மாநில அரசு உள்ளே வந்தது. பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கிற பொறுப்பு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனது. மிச்சமிருக்கும் சொத்து வரியை எந்த அமைப்புக்கு எவ்வளவு பிரிப்பது என்பதையும் மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. அரசாங்கம் தங்களை விட்டு விலகிப் போகிறது என்று கோபப்பட்டவர்கள் போட்ட ஓட்டு, முடிவெடுக்கும் இடத்தை இன்னும் பல மைல் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது. வரம்பு போடுவது எளிது. வரம்புக்கு அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார் என்பதை அந்த அலையில் யாரும் பார்க்கவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் அரசு வழக்கறிஞராக இருந்த டக்ளஸ் புரூஸ் என்பவர் 1986இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்ந்தார். வரி எதிர்ப்பையும் கூடவே கொண்டுவந்தார். 1991இல் அந்த நகரத்திலும், 1992இல் கொலராடோ மாநில அரசியல் சட்டத்திலும் அவர் எழுதிய விதி ஏறியது. வரிதாரர் உரிமைச் சாசனம் என்ற பொருள் தரும் அதன் ஆங்கிலப் பெயரை 'டேபர்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இதன்படி எந்த வரியையும் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் ஏற்ற முடியாது. அரசின் வருவாய் மக்கள்தொகை வளர்ச்சியும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்குத்தான் வளரலாம். அதற்கு மேல் வந்தால் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்கும் ஓட்டு.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வாக்குச்சீட்டின் வாசகம். கேள்வி எப்படித் தொடங்க வேண்டும் என்பதைக்கூட அரசியல் சட்டமே சொல்கிறது. வரியை ஆண்டுக்கு இத்தனை டாலர் உயர்த்தலாமா என்று தொகை முதலில் வர வேண்டும், பெரிய எழுத்தில். எதற்காக என்பது அதற்குப் பிறகுதான். குழந்தைகளின் எதிர்காலம், பாதுகாப்பான சாலை என்றெல்லாம் இனிக்க இனிக்கத் தொடங்க முடியாது. முதலில் பில், பிறகுதான் சாப்பாடு.

இந்த விதி வந்த பிறகு ஊர்கள் பல, உபரியை நாங்களே வைத்துக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று வாக்காளர்களிடம் கேட்டன. அதற்கு அங்கே 'டி-புரூசிங்', அதாவது புரூஸின் பிடியைக் கழற்றுவது, என்றே பெயர். மாநிலத்தின் பள்ளி மாவட்டங்களில் ஏறத்தாழ எல்லாமே அப்படிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டன. அனுமதி தந்தவர்களில் எத்தனையோ பேர் புரூஸின் விதிக்கு ஓட்டுப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். முரண்பாடு போலத் தெரியும். கேட்டுச் செய் என்பதுதான் அவர்கள் போட்ட நிபந்தனை, கேட்டார்கள், கொடுத்தார்கள்.

நம் ஊரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. அறிவிப்பு வந்தது, எதிர்க்கட்சிகள் ஆர்ப்பாட்டம் செய்தன, வரி அமலுக்கு வந்தது. உன் வரியை உயர்த்தட்டுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கே திரும்புவோம். சொத்து வரியை மிகக் கீழே வைத்துவிட்டதால் அந்த நகராட்சி விற்பனை வரியையே நம்பி ஓடியது. 2008இல் பொருளாதாரம் சரிந்து, மக்கள் கடைக்குப் போவதைக் குறைத்ததும் நகராட்சியின் பை கிழிந்தது. 2009 வாக்கெடுப்பு அந்த நெருக்கடியில்தான் வந்தது.

மறுத்தவர்களின் வாதங்கள் எல்லாம் அசட்டுத்தனமானவை அல்ல. எங்கள் வீட்டில் சம்பளம் குறைந்தபோது நாங்கள் செலவைக் குறைத்தோம், நகராட்சி ஏன் குறைக்கக் கூடாது என்றார்கள். நகராட்சி ஊழியருக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் காப்பீடும் தனியார் வேலையில் இருக்கும் எங்களுக்கு இல்லையே என்றார்கள். வேலைநீக்கம் நடக்கிற ஆண்டில் வரியை உயர்த்துவதா என்றும் கேட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பணம் கேட்கிறபோதெல்லாம் அதிகாரிகள் கண்ணுக்குத் தெரியும் விளக்கையும் பூங்காவையும்தான் வெட்டுவோம் என்று மிரட்டுவார்கள், அலுவலகத்துக்குள் இருக்கும் வீண் செலவில் கைவைக்க மாட்டார்கள் என்ற சந்தேகம். எந்த நாட்டிலும் அரசு அலுவலகத்துக்கு நாலு முறை அலைந்த எவருக்கும் இந்தச் சந்தேகம் புதிதாக இருக்காது.

அப்போது நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் தெருவில் விளக்கு வேண்டுமென்றால் காசு கட்டித் தத்தெடுத்துக்கொள்ளலாம். பலர் எடுத்தார்கள். பூங்காக்களில் தன்னார்வலர்கள் குப்பை பொறுக்கினார்கள். மூடவிருந்த நீச்சல் குளங்கள் சிலவற்றைத் தனியார் தொண்டு அமைப்பு எடுத்து நடத்தியது. ஜான் மார்ட்டின் என்ற நகர மன்ற உறுப்பினர் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஒருவர் தன் பகுதி விளக்கை எரியவைக்கப் பணம் கட்ட முன்வந்தாராம். அந்தத் தொகை, வரி உயர்ந்திருந்தால் அவர் ஆண்டுக்குக் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டியதைவிட அதிகம். அந்த வரியில் விளக்கோடு பூங்காவும் பேருந்தும் கிடைத்திருக்கும். அதை எடுத்துச் சொன்ன பிறகும் அவர் மாறவில்லை. விளக்குக்குத் தருவேன், வரியாகத் தரமாட்டேன் என்பதே நிலை.

கூட்டல் கழித்தலில் இது நஷ்டம். ஆனால் அந்த மனிதர் இரண்டையும் ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. தான் கொடுத்த காசு தன் கண்ணெதிரில் எரிகிறது; நாளைக்கே நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம். வரி அப்படி இல்லை. ஒருமுறை ஏறினால் இறங்காது, எங்கே போகிறது என்று தெரியாது. கோயில் திருப்பணிக்கு ஆயிரக்கணக்கில் எழுதுபவர் வீட்டு வரியை நாலு வருடம் பாக்கி வைப்பதை நாமும் பார்த்திருக்கிறோம்.

சரி, பணம் மிச்சமாவது ஆனதா? அணைந்த விளக்குக் கம்பிகளில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் செம்புத் திருடர்கள் கிளம்பினார்கள். கம்பியை உருவிக்கொண்டு போனதைச் சரிசெய்ய ஆன செலவு, விளக்கை அணைத்து மிச்சம் பிடித்ததையே விழுங்கிவிட்டது. தத்தெடுக்கக் காசு உள்ள தெருக்கள் வெளிச்சமாயின, மற்றவை ஆகவில்லை. தன்னார்வம் எங்கே நேரமும் பணமும் இருக்கிறதோ அங்கேதான் முதலில் வளர்கிறது. இந்தக் குறையை வரி எதிர்ப்பாளர்கள் இன்றைக்கும் நேராக எதிர்கொள்வதில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும் என்று பேசும் இந்த ஊரைச் சுற்றி விமானப்படை அகாடமி, ஃபோர்ட் கார்சன் ராணுவத் தளம், பீட்டர்சன் தளம் என்று மத்திய அரசின் பணம் பொழிகிறது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் தருவது நகராட்சிக்கே சொந்தமான நிறுவனம். பெரிய மருத்துவமனை ஒன்றும் 2012 வரை நகராட்சியின் நேரடிக் கையில் இருந்தது. இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. மின்சாரத்துக்குக் கட்டுவது பில், வரி அல்ல. பயன்படுத்திய அளவுக்குக் கட்டுகிறோம், அவ்வளவுதானே என்பார்கள்.

பில்லுக்கும் வரிக்கும் இடையிலான இந்தக் கோடு மழைநீர் விஷயத்தில் பெரிய சண்டையானது. மழைநீர் வடிகால்களுக்காக நகர மன்றம் வாக்கெடுப்பு இல்லாமல் ஒரு கட்டணம் போட்டது. டக்ளஸ் புரூஸ் அதற்கு 'மழை வரி' என்று பெயர் வைத்தார். இந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. 2009 நவம்பரில், சொத்து வரியை மறுத்த அதே தேர்தலில், அந்தக் கட்டணத்துக்கும் மக்கள் முடிவு கட்டினார்கள். ஆனால் தண்ணீர் ஓட்டுச்சீட்டைப் படித்துவிட்டா ஓடும்? ஃபவுன்டன் ஓடை வழியாகக் கழிவும் மண்ணும் கீழே இருக்கும் புவெப்லோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. புவெப்லோ சண்டைக்கு நின்றது. 2016இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை வழக்கே போட்டது. 2017 நவம்பரில் நகரம் மறுபடி வாக்குச்சீட்டுக்குப் போனது. இந்த முறை வீட்டுக்கு மாதம் 5 டாலர் மழைநீர்க் கட்டணத்துக்கு மக்கள் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் காரியம் எங்கள் முடிவு என்ற கொள்கைக்கு இதுதான் எல்லை. மேட்டில் இருப்பவன் மிச்சம் பிடித்ததைப் பள்ளத்தில் இருப்பவன் கட்டுகிறான்.

அதற்கு முன்பே, 2015இல், ஊர் ஒரு பெரிய திருப்பத்தைக் கண்டிருந்தது. அந்த ஆண்டு மேயரான ஜான் சதர்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், முன்பு மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. விற்பனை வரியில் 0.62 சதவீதம் கூடுதலாகத் தாருங்கள் என்று கேட்டார். பணம் சாலைக்கு மட்டும். ஐந்தே வருடம், அதன் பின் தானாகக் காலாவதி. விற்பனை வரி என்பதால் ஊருக்கு வந்துபோகும் வெளியூர்க்காரர்களும் ஒரு பங்கு கட்டுவார்கள். ஆறு வருடம் முன்பு மறுத்த அதே நகரம் இம்முறை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் சரி என்றது. 2019இல் காலாவதி நெருங்கியபோது நகராட்சி மறுபடி வந்தது, ஆனால் 0.57 சதவீதம்தான் கேட்டது. வரி விகிதத்தைத் தானாகக் குறைத்துக் கேட்கும் அரசாங்கத்தை யாருக்குத்தான் பிடிக்காது? அதுவும் நிறைவேறியது.

2009க்கும் 2015க்கும் இடையில் அந்த ஊர் இடதுசாரி ஊராக மாறிவிடவில்லை. மாறியது கேட்ட விதம். முதலில் கேட்டது பொதுக் கணக்குக்கு, எல்லாவற்றுக்குமாக, முடிவு தேதி இல்லாமல். இரண்டாவது, ஒரே ஒரு வேலைக்கு, தனிக் கணக்கில், தேதி போட்டு. இதை அதிகாரிகள் அலுப்புடன் பார்க்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. பள்ளத்தை அடைப்பதற்கு ஓட்டு வாங்கலாம். நூலகக் கணக்காளரின் சம்பளத்துக்கோ மனநல ஆலோசகருக்கோ அப்படி வாங்க முடியாது. கண்ணுக்குத் தெரிவது பிழைக்கும், தெரியாதது தேயும்.

வரிதாரரின் குடிமைப் பொறுப்பு என்ன என்ற கேள்வி கொலராடோவில் வாக்குச்சீட்டோடு முடிகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் அது நேரில் போய் உட்காருவதில் இருக்கிறது. அந்த மாநிலத்தில் பொது விற்பனை வரியும் இல்லை, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் இல்லை. ஆகவே பாரத்தில் பெரும்பகுதி சொத்து வரி மேல். ஊரின் பட்ஜெட்டை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது. நம் கிராம சபை போலத்தான், ஆனால் பல் உள்ள கிராம சபை. யார் வேண்டுமானாலும் எழுந்து, இந்தத் தொகையைக் குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவரலாம்; கை தூக்கினால் அது சட்டம்.

குரோய்டன் அங்கே சுமார் 800 பேர் வாழும் சிற்றூர். சிறு குழந்தைகளுக்கு மட்டும் ஊரில் பள்ளி உண்டு. பெரிய பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போகிறார்கள், கட்டணத்தை ஊர் கட்டுகிறது. 2022 மார்ச்சில் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை பள்ளி பட்ஜெட் கூட்டம் நடந்தது. 17 லட்சம் டாலர் பட்ஜெட். ஒருவர் எழுந்து இதை 8 லட்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடங்கள் பில்லை நீட்டுகின்றன, நாம் கேள்வி கேட்காமல் கட்டுகிறோம் என்பது அவர் வாதம்; ஒரு பிள்ளைக்கு 10,000 டாலர் போதும் என்பது கணக்கு. வந்திருந்தவர்கள் 34 பேர். 20க்கு 14 என்று திருத்தம் நிறைவேறியது. பாதி பட்ஜெட் போய்விட்டது.

விதிப்படி எல்லாம் சரி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தகவல் தெரிந்தும் வராதவர்கள்தான் அன்று தோற்றவர்கள். அடுத்த சில வாரங்கள் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. பட்ஜெட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டுமானால் சிறப்புக் கூட்டத்தில் பதிவு பெற்ற வாக்காளர்களில் குறைந்தது பாதிப்பேர் கலந்துகொள்ள வேண்டும். எந்த ஊரில் பாதிப்பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள்? பட்ஜெட்டைக் குறைத்தவர்கள் ஜெயிக்க எதிர்த்து ஓட்டுப் போடக்கூடத் தேவையில்லை, வீட்டில் இருந்தாலே போதும் என்ற விசித்திர நிலை. பெற்றோரும் ஓய்வுபெற்றவர்களும், இரு கட்சிக்காரர்களும், வீடு வீடாகப் போனார்கள். மே மாதக் கூட்டத்தில் 379 பேர் வாக்களித்தார்கள். 377க்கு 2 என்று பழைய பட்ஜெட் திரும்பி வந்தது.

குடியரசுக் கட்சிக்கே பெரும்பாலும் ஓட்டுப் போடும் ஊர் அது. மே மாதம் வந்தவர்களிலும் வரி அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். சிக்கனத்தையும் பொறுப்பையும் சேர்த்தே கற்றவர்கள் அவர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கட்டுவதாக ஒப்புக்கொண்ட கட்டணத்தைப் பாதியில் விடுவது அவர்களுக்குச் சிக்கனமாகத் தோன்றவில்லை. அரசு முடிந்தவரை எதிலும் தலையிடக் கூடாது என்னும் சுதந்திரவாதிக்கும் (லிபர்டேரியன்) பழைய பாணி சிக்கனக்காரருக்கும் உள்ள வேறுபாடு வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. குரோய்டனில் அது எண்ணிக்கையாகவே தெரிந்தது.

இந்த இரு போக்கும் மோதிய இன்னொரு சம்பவம் 2010இல் டென்னசி மாநிலத்தின் ஓபியான் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) நடந்தது. நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால்தான் பக்கத்து நகரின் தீயணைப்புப் படை வரும். கட்டாத ஒருவரின் வீடு தீப்பிடித்தது. எவ்வளவு வேண்டுமானாலும் இப்போதே தருகிறேன் என்று அவர் கெஞ்சியும் அணைக்கவில்லை. கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்காரருக்குத் தீ பரவியபோது வந்தார்கள். அந்த நிலத்தைக் காத்தார்கள், வீடு எரிந்தது. வலதுசாரிகளுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. கட்டாதவனுக்கும் அணைத்தால் நாளை எவன் கட்டுவான் என்று சிலர். கண்ணெதிரே வீடு எரியும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் என்ன அயலான் என்று மற்றவர்கள். நான் இரண்டாவது பக்கம். ஆனால் முதல் பக்கத்தின் கேள்விக்குப் பதில் வரிதான். எல்லோரிடமும் வாங்கினால் யாரையும் விடவேண்டியதில்லை.

தீயணைப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொரு மாற்றத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிற்றூர்களில் வரி குறைவாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்; பணமாகக் கட்டாததை உழைப்பாகக் கட்டினார்கள். 1980களில் சுமார் 9 லட்சமாக இருந்த அவர்கள் எண்ணிக்கை 2020இல் 7 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இளைஞர்கள் வேலைக்காகத் தொலைவுக்குப் போகிறார்கள், பயிற்சி மணிநேரம் கூடிவிட்டது, இருப்பவர்களுக்கு வயதாகிறது. ஆள் கிடைக்காத ஊர் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறது, வரி ஏறுகிறது, கூட்டத்தில் கோபம் வெடிக்கிறது. அரசு வீங்கிவிட்டது என்று அங்கே கத்துபவர்களில் சிலர், தாங்களோ தங்கள் பிள்ளைகளோ அந்தத் தீயணைப்பு நிலையத்தில் சேராமல் விட்டதும் அந்த வீக்கத்தில் ஒரு பங்கு என்பதை யோசிப்பதில்லை.

சமீப ஆண்டுகளில் சொத்து வரியையே அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற குரல் பல குடியரசுக் கட்சி மாநிலங்களில் எழுந்திருக்கிறது. 2024 நவம்பரில் வட டகோட்டா அதை நேரடியாக வாக்கெடுப்புக்கு விட்டது. எண்ணெய்ப் பணம் கொழிக்கும் மாநிலம். ஊர்களுக்கு ஏற்படும் இழப்பை மாநில அரசே ஈடுகட்டும் என்பது திட்டம். அதே நாளில் டிரம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை அள்ளிக்கொடுத்த மக்கள், சொத்து வரி ஒழிப்பை 60 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து நிராகரித்தார்கள். எதிர்த்தவர்களின் கூட்டணி தனக்கு வைத்துக்கொண்ட பெயரே உள்ளூரிலேயே இருக்கட்டும் என்ற பொருள் தரும் 'கீப் இட் லோக்கல்'. பணம் தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து வந்தால் எந்த ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு, எந்தப் பாலத்தை எப்போது கட்டுவது என்பதையும் பிஸ்மார்க்தான் சொல்லும் என்ற வாதம் எடுபட்டது. கலிபோர்னியா 1978இல் கவனிக்காமல் விட்டதை இவர்கள் கவனித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் 2025இல் மாநிலச் சட்டமன்றம் சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் வரிச் சலுகை கொடுத்தது. கூடவே, உள்ளூர் அமைப்புகள் வரி வசூலை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற வரம்பையும் போட்டது.